டாக்டர் குறித்த தேதியில் குழந்தை பிறக்குமா?

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களில், தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் இன்றும் இருக்கிறது. வளைகாப்பு முடிந்ததும் காட்பாடி வழியாகவோ அரக்கோணம் வழியாகவோ ரயில் ஏறுகிறார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதிய தேதியை நம்பிக் கணவர் லீவுக்கு எழுதிக் கொடுக்கிறார். டிக்கெட்டும் எடுத்து வைக்கிறார். ஆனால் அதே தேதியில் பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நான்கைந்துதான்!

கணக்கு எப்படி?

கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் என்பது கணக்கு. இருபத்தெட்டு நாளை ஒரு மாதமாகக் கொண்டால் சரியாகப் பத்து மாதம். நம் பாட்டிமார் சொன்ன "பத்து மாதம்" பொய்யல்ல. ஜெர்மனி டாக்டர் நேகலே (1778–1851) பெயரால் வழங்கும் முறை இன்னும் சுலபம்: அந்த முதல் நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்ட வேண்டும். ஜனவரி 10 என்றால் அக்டோபர் 17.

மாதவிலக்கு 28 நாளுக்கு ஒருமுறை தவறாமல் வருபவருக்கே இது பொருந்தும். 35 நாளுக்கு ஒருமுறை வருபவருக்குப் பிரசவம் ஒரு வாரம் தள்ளும். தாய்ப்பால் கொடுக்கும்போதே கருத்தரித்தவருக்கும், தேதி மறந்தவருக்கும் இக்கணக்கு உதவாது.

இங்கே மற்றொரு குழப்பமும் உண்டு. "ஆடி" என்று தமிழ்ப் பெண் சொன்னால், நர்ஸ் தெலுங்கு ஆஷாடத்தை நினைக்கக்கூடும். தமிழ் ஆடி ஜூலை நடுவில் பிறக்கிறது. தெலுங்கு ஆஷாடமோ பெரும்பாலான ஆண்டுகளில் அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஆகவே இங்கிலீஷ் தேதியைச் சொல்வதே நல்லது.

முதல் ஸ்கேன் முக்கியம்

முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேன் ஐந்து முதல் ஏழு நாள் வித்தியாசத்துக்குள் கருவின் வயதைக் காட்டிவிடும். கடைசி மூன்று மாதத்தில் எடுத்தாலோ மூன்று வாரம் வரை பிசகலாம். குழந்தைக்குக் குழந்தை வளர்ச்சி மாறுபடுவதே காரணம். எனவே முதல் ஸ்கேனில் முடிவான தேதியைப் பிந்தைய ஸ்கேனைப் பார்த்து மாற்றுவதில்லை.

மேல்நாட்டுக் குழந்தைகளின் அளவை வைத்து வகுத்த சூத்திரங்களே இங்கும் வழங்கி வந்தன. சென்னை ஐ.ஐ.டி.யும் பரீதாபாத்திலுள்ள மத்திய அரசு ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து, குருகிராம் அரசு ஆஸ்பத்திரிக்கு வந்த கர்ப்பிணிகளின் ஸ்கேன் அளவுகளைக் கொண்டு, "கர்பிணி" என்ற இந்தியக் கணக்கு முறையை 2024-ல் வெளியிட்டன. தாமதமாக ஸ்கேன் எடுப்பவருக்கே இது அதிகம் பயன்படும்.

தேதி பிசகினால்?

37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதம். 42 வாரம் தாண்டினால் குழந்தைக்கு ஆபத்து கூடும். கணக்கு தவறினால், நாள் நிறையாத குழந்தையை ஆபரேஷன் செய்து எடுக்கவும் நேரலாம். நாள் கடந்ததை அறியாமல் காத்திருக்கவும் நேரலாம்.

ஆகவே ஊருக்குப் புறப்படும்போது புடவை, வளையலோடு முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டும் தாய்-சேய் அட்டையும் பெட்டியில் இருக்கட்டும். எல்லை தாண்டியதும் புது டாக்டருக்கு அவைதான் சாட்சி. 37-வது வாரத்துக்கு வெகு முன்பே பயணத்தை முடித்துக்கொள்ள வேண்டும்.

மத்திய அரசு ஆண் ஊழியருக்கு, இரு குழந்தைகள் வரை, 15 நாள் லீவு உண்டு. பிரசவத்துக்கு 15 நாள் முன்னிருந்து, பிறந்த ஆறு மாதத்துக்குள் எடுக்கலாம். சீட்டுத் தேதிக்கு முன்பே அதைத் தீர்த்துவிட்டால், குழந்தை பிறக்கும்போது தகப்பனார் ஆபீசில் இருப்பார்!

பனிக்குடம் உடைந்தாலும், இரத்தம் பட்டாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் தேதியைப் பார்த்துக் காத்திருக்கக் கூடாது. ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் ஆம்புலன்ஸுக்கு ஒரே நம்பர்தான்: 108.