'ஸ்வராஜ்யம்' என்னும் சொல்

1930-ஆம் வருஷம், உப்பு சத்தியாக்கிரகத்தால் தேசம் கொந்தளித்திருந்த காலம். கோலாப்பூர் பிரபாத் கம்பெனியார் சிவாஜி மகாராஜாவின் வீரத்தைக் காட்டும் மௌனப் படமொன்றைத் தயாரித்தனர். டைரக்டர் சாந்தாராமே சிவாஜி வேஷம் பூண்டார். படத்திற்கு 'ஸ்வராஜ்யத் தோரணம்' என்று மராத்தியில் பெயர். அந்தச் சொல் ஆகாது என்றனர் ஸென்ஸார் அதிகாரிகள். 'உதயகாலம்' என்று பெயர் மாறிய பிறகே படம் வெளிவந்தது. வாள் வீசலாம்; எதற்காக வீசுகிறோம் என்பதைச் சொல்லலாகாது!

கத்திச் சண்டைப் படமென்றால் நம்மவரில் கற்றோர் சிலர் முகஞ்சுளிப்பர், தரை டிக்கெட்டுக்காரரின் பொழுதுபோக்கென்று. பம்பாய் ஸென்ஸார் போர்டுக்குத் தலைவராக அமர்ந்த போலீஸ் கமிஷனர் அவ்வாறு அலட்சியம் செய்யவில்லை. எழுத்தறியாதவனுக்கும் அப்படம் விளங்கும் என்பதே அவர் கவலை.

அந்நிய சர்க்கார் போயிற்று; 1918-ஆம் வருஷத்துச் சட்டத்தின் இடத்தில் 1952-ஆம் வருஷத்துச் சட்டம் வந்தது. ஒரு பத்திரிகைக்கு விதித்த முன்தணிக்கையை 1950-இல் ரத்து செய்த சுப்ரீம் கோர்ட்டே, சினிமாவுக்கு அது செல்லும் என்று 1970-இல் அப்பாஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. மற்றக் கலைகளைவிடச் சினிமா உணர்ச்சியை அதிகமாகக் கிளறுகிறதாம்! இவ்வியாசத்தை அச்சேற்ற நாம் எவருடைய அநுமதியையும் கோரவில்லை. கொட்டகையில் படங்காட்ட விரும்புவோர் இன்றும் ஸர்டிபிகேட்டுக்குக் காத்திருக்கின்றனர்.