உங்களுக்குத் தெரியுமா? மாட்டுக்கு ஏது ஊரடங்கு!

கறவை மாட்டுக்கு லீவு கிடையாது. ஒரு வேளை கறக்காமல் விட்டாலே மடி கட்டிக்கொண்டு மாடு தவிக்கும். அப்படியே விட்டால் மடிநோயில் கொண்டுபோய் விடும். லேத்தை நிறுத்தலாம், லாரியை நிறுத்தலாம். 2020 மார்ச் 25 அன்று நாடே கதவைச் சாத்தியபோதும் வடசென்னை எர்ணாவூரில் மாடு வைத்திருந்தவர் விடிவதற்குள் கறந்தே ஆக வேண்டும், வாங்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

முதல் அடி பாலுக்கு விழவில்லை, கோழிக்கு விழுந்தது. ஊரடங்குக்கு முன்பே, கோழி தின்றால் கொரோனா வரும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு புரளி. நாமக்கல் முட்டை விலையும் கறிக்கோழி விலையும் சேர்ந்து சரிந்தன. கோழிக்கு அந்தக் கிருமி தொற்றுவதே இல்லை என்பது வேறு விஷயம்!

பால் விற்க அப்போது தடையே இல்லை, தெரியுமா? அத்தியாவசியப் பொருள் என்று விட்டுவிட்டார்கள். பிறகு ஏன் நஷ்டம்? டீக்கடையால்தான். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் போக வரிசை கட்டும் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். டிரைவரும் கிளீனரும் இறங்கினால் முதலில் தேடுவது ஒரு டீ. அந்த பாய்லர் அணைந்தால், கடைக்குக் கேனில் பால் ஊற்றுகிறவருக்குக் காலை வியாபாரமும் போச்சு, மாலை வியாபாரமும் போச்சு. தமிழ்நாட்டில் டீக்கடைகள் திரும்பத் திறந்தது மே 11 அன்று, அதுவும் பார்சலுக்கு மட்டும். மூச்சுவிடுவதற்குள் ஜூன் 19 முதல் 30 வரை சென்னையிலும் சுற்றியுள்ள மாவட்டப் பகுதிகளிலும் மறுபடி முழு ஊரடங்கு. கல்யாண மண்டபம், ஹோட்டல், ஸ்வீட் ஸ்டால் கணக்கு தனி.

அந்த நாட்களில் நாடு முழுக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் தினமும் வாங்கிய பால் 560 லட்சம் லிட்டர். விற்றது 360 லட்சம் லிட்டர். நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2020 மே 15 அன்று சொன்ன கணக்கு இது. மிச்சம் 200 லட்சம் லிட்டர் எங்கே போனது? பெரும்பாலும் பவுடராகவும் வெண்ணெயாகவும் மாறியது. 100 லிட்டர் பசும்பாலில் சுமார் எட்டரை கிலோ பவுடரும் நாலு கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாக வெண்ணெயும் கிடைக்கும். பவுடர் ஆலை சங்கத்துக்கு இருக்கிறது. கேனும் சைக்கிளுமாகத் தெருவில் நிற்பவருக்கு? தயிர் தோய்க்கலாம், அது மூன்றாம் நாள் புளிக்கும். நெய் உருக்கலாம், அதற்கு விறகோ கேஸோ வேண்டும், வாங்கவும் ஆள் வேண்டும். பெருந்தொற்றில் அதிகம் தோற்றது இவர்தான் என்பது என் கருத்து.

சங்கத்துக்குப் பால் ஊற்றியவர் மட்டும் கொழித்தாரா என்றால் அதுவும் இல்லை. 2019 ஆகஸ்டில் ஆவின் கொள்முதல் விலை பசும்பாலுக்கு 32 ரூபாய், எருமைப்பாலுக்கு 41 ரூபாய் என்று ஆனது. அடுத்த உயர்வு 2022 நவம்பரில்தான், 3 ரூபாய். நடுவில் வந்த கொரோனா அலைகள் எல்லாம் அதே விலையில் கழிந்தன. 2021 மே 16 முதல் நமக்கு ஆவின் பாக்கெட் லிட்டருக்கு 3 ரூபாய் குறைந்தது, சந்தோஷம். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் தீவனத்துக்குப் போகும் சோயாப் புண்ணாக்கின் விலை தாறுமாறாக ஏறி, 12 லட்சம் டன் இறக்குமதிக்கு மத்திய அரசு அனுமதி கொடுக்க வேண்டி வந்தது.

உழவர் கடன் அட்டை மாடு வளர்ப்பவருக்கும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 2020 ஜூன், ஜூலையில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு அதைக் கொடுக்க நாடு முழுக்கச் சிறப்பு முயற்சி நடந்தது. ஆனால் குறி வைத்தது பால் சங்க உறுப்பினர்களையும் பால் உற்பத்தியாளர் கம்பெனிகளைச் சேர்ந்தவர்களையும்தான். வீடு வீடாகக் கறந்த பால் ஊற்றும் பட்டணத்துக்காரர் அந்தப் பட்டியலில் எப்படி வருவார்? தனியாக வங்கிப் படியேறி விண்ணப்பிக்க அவருக்கும் வழி உண்டு. எர்ணாவூர்க்காரர்களுக்கு இன்னொரு செய்தி: இதே அட்டை மீனவர்களுக்கும் கிடைக்கும்.