எரிமலைச் சாம்பலும் நமது பயிரும்

2025-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் எத்தியோப்பியாவில் ஹேலி குப்பி என்னும் எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் மேகம் செங்கடலையும் அரபிக் கடலையும் கடந்து, மறுநாள் இரவே குஜராத், இராஜஸ்தான், டெல்லி ஆகிய பகுதிகளின் மேல் வந்து சேர்ந்தது. சில விமானங்கள் நிறுத்தப்பட்டன. ஆரணி வட்டாரத்தில் அது சம்பாப் பயிர் வளர்ந்து நிற்கும் காலம். "நம் வயலிலும் சாம்பல் விழுமா? மழை கெட்டுவிடுமா?" என்ற ஐயம் உழவர்களுக்கு எழுவது இயல்பே. இவை இரண்டும் தனித்தனிக் கேள்விகள். தனித்தனியே விடை காண வேண்டும்.

புகையில் இருப்பவை

எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பல் போன்றதன்று. அது பாறையும் கண்ணாடியும் நொறுங்கிய நுண்தூள். பெரிய துகள்கள் எரிமலைக்கு அருகிலேயே விழும்; நுண்ணிய துகள்கள் சில நாட்கள் காற்றில் செல்லும். இதனுடன் நீராவியும் கந்தக டை ஆக்ஸைடு வாயுவும் வெளிவரும். நமது வெப்ப மண்டலத்தில் ஏறத்தாழ 17 கி.மீ. உயரத்திற்கு மேல் அடுக்குமண்டலம் உள்ளது. அங்கு மழை இல்லை. அவ்வளவு உயரம் செல்லும் கந்தக வாயு கந்தக அமிலத் துளிகளாக மாறி, கழுவப்படாமல் ஓரிரு ஆண்டுகள் தங்கும். வெயிலுக்குக் குறுக்கே மெல்லிய பட்டுத்துணியை விரித்தாற்போல, இத்துளிகள் சூரிய ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும்.

அளப்பது எவ்வாறு?

செயற்கைக் கோள்கள் அகச்சிவப்புக் கதிர் மூலம் சாம்பலையும், புற ஊதாக் கதிர் மூலம் கந்தக வாயுவையும் கண்டறிகின்றன. தரையிலிருந்து லேசர் ஒளியை மேலே செலுத்தி, திரும்பி வரும் ஒளியைக் கொண்டு துகள் அடுக்கின் உயரத்தை அறியும் கருவி லைடார் எனப்படும். ஆரணிக்கு வடக்கே சுமார் 90 கி.மீ. தொலைவில், திருப்பதியை அடுத்த காடங்கியிலுள்ள தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடத்தில் இக்கருவி 1998-இல் நிறுவப்பட்டது. பினாடுபோ எரிமலை வெடித்த பிறகு, ஐதராபாத்திலிருந்து பலூன்களை அனுப்பியும் துகள்களை அளந்தனர்.

முன்னறிவிப்பு

1982 ஜூன் மாதம் சென்னை வழியாகச் சென்ற ஒரு பிரிட்டிஷ் விமானம், இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலில் சிக்கியது. அதன் 4 என்ஜின்களும் நின்றன. பின்னர் இயங்கியதால் பயணிகள் உயிர் தப்பினர். இன்று உலகில் 9 எரிமலைச் சாம்பல் ஆலோசனை மையங்கள் இயங்குகின்றன. புகை எழுந்த நேரம், உயரம், ஒவ்வொரு உயரத்திலும் வீசும் காற்று ஆகியவற்றைக் கணினியில் இட்டு, 6 மணிக்கு ஒருமுறை இவை அறிவிப்பு வெளியிடுகின்றன. ஹேலி குப்பியின் புகை ஏறத்தாழ 14 கி.மீ. உயர்ந்தது. அங்கு வீசிய வலுவான மேல்காற்று அதை வட இந்தியா வழியாகச் சீனாவை நோக்கிக் கொண்டு சென்றது. தமிழ்நாடு அதன் பாதையில் இல்லை.

ஆரணிக்கு நேர் கிழக்கே சுமார் 1,600 கி.மீ. தொலைவில், அந்தமான் கடலில் பேரன் தீவு எரிமலை உள்ளது. 1991-இலும் அதன் பின்னர் பலமுறையும் அது குமுறியுள்ளது. எனினும் அதன் புகை தாழ்வாகவே எழுவதால் சாம்பல் பெரும்பாலும் கடலில் விழுந்துவிடுகிறது.

மழை கெடுமா?

இதற்குக் கந்தகத்தின் அளவே முக்கியம். 1883 ஆகஸ்டில் இந்தோனேசியாவின் கிரகடோவா வெடித்தபோது, செப்டம்பரில் சென்னையிலும் இலங்கையிலும் சூரியன் பச்சை நிறமாகத் தோன்றியது. 1991 ஜூன் 15-இல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ 150 முதல் 200 இலட்சம் டன் கந்தக டை ஆக்ஸைடை வெளியேற்றியது. அடுத்த ஆண்டில் உலகின் சராசரி வெப்பம் ஏறத்தாழ அரை டிகிரி குறைந்தது. நிலப்பரப்பு குளிர்ந்தால் பருவக்காற்றின் இழுப்பும் குறையும். அக்காலத்தில் உலக நிலப்பரப்பில் மழையும் ஆற்று நீரோட்டமும் குறைந்தன. எல் நினோவும் அப்போது இருந்ததால் முழுப் பழியையும் எரிமலை மீது போட இயலாது. ஹேலி குப்பி வெளியிட்ட கந்தகமோ பினாடுபோவின் அளவில் சிறு பங்கே ஆகும்.

உழவர்கள் செய்ய வேண்டியவை

1. எரிமலைச் செய்தி வந்தால், புகை எவ்வளவு உயரம் சென்றது, கந்தகம் எவ்வளவு வெளியானது என்பதைக் கவனிக்கவும்.

2. வதந்தியை நம்பி மானாவாரி நிலக்கடலை விதைப்பைக் கைவிட வேண்டாம். விட்ட பட்டம் திரும்பி வராது.

3. பினாடுபோ போன்ற பெருவெடிப்பு நிகழ்ந்தால், கடன் பெற்று விதை வாங்கும் முன் வானிலைத் துறையின் பருவமழை முன்னறிவிப்பைக் கேட்டறியவும். மழை குறையும் எனத் தெரிந்தால் குறுகிய வயதுடைய நெல் இரகத்தையோ, கேழ்வரகு, கம்பு போன்ற சிறுநீர்ப் பயிர்களையோ தேர்ந்தெடுக்கவும். ஏரி நீரையும் கிணற்று நீரையும் சிக்கனமாகப் பயன்படுத்தவும்.

தொலைவிலுள்ள எரிமலையை நம்மால் தடுக்க இயலாது. அதன் விளைவை முன்கூட்டி அறிந்து பயிரைத் திட்டமிடுவது நம் கையில் உள்ளது. உழவர் பெருமக்கள் இதனைக் கருத்திற் கொண்டு பயனடைவார்களாக.