கை வரைதல்

மனித உருவத்தில் வரைவதற்கு மிகக் கடினமானவையாக ஓவியர்கள் கருதும் உறுப்புகளுள் ஒன்று கை ஆகும். ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. விரல்கள் தனித்தனியே மடங்குவதால், ஒவ்வோர் அசைவிலும் கையின் வடிவம் மாறுகிறது.

பார்ப்பவரை நோக்கி நீட்டிய விரல் குட்டையாகத் தெரியும். ஆனால் விரல் நீளமானது என்று மனம் அறிந்திருப்பதால், தொடக்கநிலை மாணவர்கள் கண்ணில் தெரிவதை விட்டுத் தாம் அறிந்ததையே வரைந்துவிடுகின்றனர். கைகளை எல்லோரும் நாள்தோறும் பார்ப்பதால் சிறு பிழையும் உடனே புலப்படும்.

விரல்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தின் வடிவத்தைக் கவனித்து வரைவது இப்பிழையைக் குறைக்கும். தேர்ந்த ஓவியர்களும் கையைத் தனியே வரைந்து பார்த்தனர். செருமானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1508 இல் வரைந்த "வணங்கும் கைகள்", பலிபீட ஓவியம் ஒன்றுக்கான முன்வரைவாகக் கருதப்படுகிறது. இது வியன்னாவின் ஆல்பெர்டினா அருங்காட்சியகத்தில் உள்ளது.