வஸந்த காலத்துக்கு ஏற்ற வஸ்திரம்

வேப்ப மரம் பூத்து, மாமரத்தில் வடு தொங்கத் தொடங்கிவிட்டால், நம் வீடுகளில் சித்திரைக்குப் புதுத் துணி எடுக்க வேண்டும் என்ற பேச்சும் தொடங்கிவிடும். சித்திரையும் வைகாசியும் இளவேனிற் காலம் என்பது நம் முன்னோர் வகுத்த கணக்கு. தென்றலும் குயிலும் அக்காலத்துக்கு உரியவை என்பது உண்மையே. ஆனால், பஞ்சாங்கத்தில் வஸந்த ருது என்று கண்டிருந்தாலும், பகல் பத்து மணிக்கு மேல் தெருவில் நடக்கிறவர்களுக்கு அது வெயிற்காலமாகவே தோன்றுகிறது. ஆகையால், இந்தக் காலத்துக்குத் துணி எடுப்பவர்கள், கண்ணுக்கு அழகாயிருக்கிறதா என்று பார்ப்பதோடு, உடம்புக்கு இதமாயிருக்குமா என்றும் பார்ப்பது அவசியம்.

சென்ற ஆண்டு பங்குனி மாதத்தில் ஒரு நாள், காலைப் பிரார்த்தனையின்போது எங்கள் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மயங்கி விழுந்தாள். நிழலில் கிடத்திக் கழுத்துப் பித்தானைத் தளர்த்தியபோது, அவள் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சீருடை முழுவதும் பாலியெஸ்டர்; அதற்கு மேல் அதே துணியில் ஒரு கோட்டு வேறு. காலையில் அவள் ஆகாரம் கொள்ளாமல் வந்ததும் ஒரு காரணந்தான். எனினும், மாலையில் வந்த தாயாரிடம் துணியைப் பற்றியும் சொன்னேன்.

"நீங்கள் சொல்வது சரிதான், டீச்சர். ஆனால், இந்தத் துணியை இரவில் துவைத்துப் போட்டால் விடிவதற்குள் காய்ந்துவிடுகிறது. இஸ்திரி வேண்டியதில்லை, இரண்டு வருஷம் கிழிவதில்லை. பருத்தி கட்டினால் எனக்குக் கட்டுப்படியாகுமா?" என்று கேட்டார் அந்த அம்மாள். அதற்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு யோசித்துப் பார்த்ததன் பயனே இக்கட்டுரை.

நூறு கிராம் உலர்ந்த பருத்தி, சாதாரணக் காற்றிலிருந்தே சுமார் 8.5 கிராம் ஈரத்தைத் தன்னுள் ஏற்றுக்கொள்ளும். பாலியெஸ்டரோ அரைக் கிராம்கூட ஏற்பதில்லை. உடம்பில் அரும்பும் வியர்வையைப் பருத்தி உறிஞ்சி மெல்ல மெல்லக் காற்றில் விடுகிறது. பாலியெஸ்டரின் இழை அதை உள்ளே விடுவதில்லை. நெருக்கமாக நெய்த துணியாயிருந்தால், வியர்வை மேனியிலேயே தங்கிப் புழுங்குகிறது. அந்த அம்மாள் புகழ்ந்த குணமும், அவர் மகள் பட்ட அவஸ்தையும் ஒன்றே என்பதைக் கவனியுங்கள். நீரை ஏற்காததனால்தான் அத்துணி சீக்கிரம் காய்கிறது!

பருத்தி என்று தீர்மானித்த பின், எந்தப் பருத்தி என்ற கேள்வி எழும். நூலுக்கு நம்பர் உண்டு. 840 கஜம் கொண்ட சிட்டங்கள் ஒரு பவுண்டில் எத்தனை அடங்குகின்றனவோ, அதுவே அந்நூலின் நம்பர். 40-ஆம் நம்பர் நூல் சற்றுத் திடமானது. ஓடியாடும் குழந்தைகளின் பாவாடைக்கும் சட்டைக்கும் அது ஏற்றது. 80, 100 என்று நம்பர் ஏற ஏற நூல் மெலியும். பெரியவர்களின் புடவைக்கு அழகு தரும், ஆனால் முரட்டுத்தனமாகத் துவைப்பதைத் தாங்காது.

அழகுக்கு நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கி, கட்டமும் அகன்ற கரையுமாக, துவைக்கத் துவைக்க மிருதுவாகும் புடவை. 2019-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரைச் சுங்குடிக்கு 2005-ஆம் ஆண்டிலேயே அந்தப் பெருமை வந்துவிட்டது. ஸௌராஷ்டிர சமூகத்தார் வளர்த்த கலை அது. துணியைச் சிறு சிறு முடிச்சுகளாக நூலால் கட்டிச் சாயத்தில் தோய்த்து, பிறகு முடிச்சை அவிழ்க்கும்போது புள்ளிகள் மலர்கின்றன. கையால் கட்டிய புள்ளி ஒன்றைப்போல் மற்றொன்று இராது. அச்சில் பதித்த புள்ளிகளோ பட்டாளத்து வரிசைபோல் நிற்கும். அச்சுத் துணியை வாங்குவது பாவமல்ல. ஆனால், முடிச்சுச் சுங்குடியின் விலையைக் கொடுத்து அச்சுச் சுங்குடியை வாங்குவது ஏமாற்றம். அதனால் நஷ்டம் நமக்கு மட்டுமன்று, இரவும் பகலும் முடிச்சுக் கட்டிய விரல்களுக்குந்தான்.

கடையில் 'காட்டன்' என்று சொல்வதையெல்லாம் நம்பிவிடலாகாது. ஓரத்து இழை ஒன்றை உருவி, வெளியிடத்தில் எச்சரிக்கையோடு நெருப்பில் காட்டிப் பாருங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக இறுகும். ஈர வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்தால் சாயத்தின் யோக்கியதை தெரிந்துவிடும். தைக்கக் கொடுக்குமுன் ஒருமுறை நனைத்து உலர்த்தினால், பிறகு சட்டை சுருங்கிவிட்டதென்று தையற்காரரோடு சண்டை போட வேண்டியிராது. வெயிற்காலத்தில் கஞ்சியைக் குறையுங்கள். கெட்டிக் கஞ்சி இழைகளின் இடையே உள்ள சந்துகளை அடைத்துக் காற்றைத் தடுக்கும்.

இனி, அந்தத் தாயாரின் கேள்விக்கு வருவோம். எல்லாவற்றையும் பருத்தியாக மாற்ற இயலாதவர்கள், உடம்போடு ஒட்டும் மேற்சட்டையை மட்டுமாவது பருத்தியில் தைக்கலாம். பாவாடை கலப்புத் துணியாயிருந்தால் குற்றமில்லை. துவைத்ததும் நன்றாக உதறிக் கையால் நீவிக் கொடியில் போட்டு, இலேசான ஈரம் இருக்கும்போதே மடித்துப் பாரம் வைத்தால் இஸ்திரிச் செலவு பெரும்பாலும் மிச்சம். ஆனால், சீருடைத் துணியைப் பெற்றோர் தேர்ந்தெடுப்பதில்லை, பள்ளிக்கூடங்களே தேர்ந்தெடுக்கின்றன. எனவே, பாதிப் பொறுப்பு எங்களுடையது. எங்கள் பள்ளியில் அதன்பின் பங்குனி, சித்திரை மாதங்களில் கோட்டு வேண்டாமென்று முடிவாயிற்று. துணி இன்னும் மாறவில்லை; கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி, மதுரை மேலமாசி வீதியில் மகாத்மா காந்தி தம் உடையைக் குறைத்து அரைத் துணிக்கு மாறினார். ஏழைகள் எதை உடுக்க முடியும் என்ற கேள்வியே அவரை அதற்குத் தூண்டியது. அவரைப் போன்ற தியாகத்தை நம்மிடம் யாரும் கேட்கவில்லை. இந்தச் சித்திரைக்கு வாங்கும் துணிகளில் ஒன்றாவது நம் ஊர்த் தறியில் நெய்ததாக இருக்கட்டும். அது நம் குழந்தையின் முதுகையும் குளிர்விக்கும். நெய்தவர் வீட்டு அடுப்பையும் எரியச் செய்யும்.