நான்கு குச்சிகளும் ஐந்து கற்களும்: விளையாடி அறியும் கொரியா

2021ஆம் ஆண்டு செப்டெம்பரில் ‘ஸ்குவிட் கேம்’ என்ற தொடர் வெளிவந்தது. அதன் பின்னர் கொரியச் சிறுவர்களின் விளையாட்டுகள் உலகெங்கும் பேசப்பட்டன. ஆனால் அவை பேசப்பட்ட விதம்தான் மனதை உறுத்துகின்றது. தோற்றவர் அந்த இடத்திலேயே சுட்டுக் கொல்லப்படும் ஒரு கதையின் உள்ளே வைத்து அவ்விளையாட்டுகள் காட்டப்பட்டன. அத்தொடர் வயது வந்தோருக்கானது. எனினும் அதனைப் பாராத பிள்ளைகள்கூட அதன் துண்டுக் காட்சிகளைக் கைத்தொலைபேசியில் கண்டுவிட்டனர். இன்று கொரிய விளையாட்டு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, தலையைத் திருப்பி நோட்டமிடும் அந்தப் பெரிய பொம்மைதான்.

கொரியா எமக்குத் தூரத்து நாடாக இருந்த காலம் போய்விட்டது. தொழிலுக்காக அங்கு சென்றோர் நம் ஊர்களில் இருக்கின்றனர். கொரிய மொழிப் பரீட்சைக்குப் படிக்கும் இளைஞர்களும் இருக்கின்றனர். தொலைக்காட்சி நாடகங்கள் வழியாக அந்நாட்டின் உடையையும் உணவையும் நம் வீட்டுப் பெண்கள் அறிந்திருக்கின்றார்கள். ஆனால் திரையில் பார்ப்பது பார்ப்பதாகவே நின்றுவிடும். ஒரு நாட்டு மக்கள் தம் வீட்டுக்குள் எப்படிச் சிரிப்பார்கள், யாரை யார் கேலி செய்யலாம், மூத்தவருக்கு எங்கே விட்டுக்கொடுப்பார்கள், எங்கே விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்பதையெல்லாம் அறிய வேண்டுமாயின் அவர்களுடைய விளையாட்டை ஒரு முறையாவது ஆடிப் பார்க்க வேண்டும். அதற்குப் பெரிய செலவும் இல்லை.

முதலில் அந்தப் பொம்மையின் விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் முகத்தை மறைத்துக்கொண்டு மரத்தடியிலோ சுவரருகிலோ நிற்பார். அவர் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மற்றவர்கள் முன்னேற வேண்டும். அவர் திரும்பும்போது அசைந்தவர் பிடிபடுவார். அந்த வாக்கியத்தின் பொருள், முகுங்ஹ்வா பூ பூத்துவிட்டது என்பதாகும். முகுங்ஹ்வா என்பது நம் வேலியோரத்துச் செவ்வரத்தையின் இனத்தைச் சேர்ந்த பூ; கொரியாவின் தேசிய மலர். கொரிய மொழியில் அவ்வாக்கியத்துக்குச் சரியாகப் பத்து அசைகள் உள்ளன. ஆகவே ஒன்று முதல் பத்து வரை எண்ணுவதற்குப் பதிலாக ஒரு பூ மலர்ந்த செய்தியைச் சொல்கின்றனர். யப்பானியச் சிறுவர்களும் இதே விளையாட்டைப் பத்து அசை கொண்ட வேறொரு வாக்கியத்துடன் ஆடுகின்றனர். 1910 முதல் 1945 வரை யப்பானின் ஆட்சியில் இருந்த ஒரு நாட்டில், பிள்ளைகள் எண்ணுவதற்குத் தம் தேசிய மலரின் பெயரைச் சொல்கின்றார்கள் என்பது சிறிய விடயமாக எனக்குத் தோன்றவில்லை.

இனி வீட்டுக்குள் வருவோம். கொரியர்களின் சந்திரப் புத்தாண்டின் பெயர் ‘ஸொல்லால்’. 2025இல் அது ஜனவரி 29இலும், 2026இல் பெப்ரவரி 17இலும் வந்தது. நமது ஹிஜ்ரி ஆண்டைப் போல அதுவும் பிறையைக் கொண்டே கணிக்கப்படுகின்றது. ஆயினும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மிகை மாதம் ஒன்றைச் சேர்ப்பதால், அது எப்போதும் குளிர்காலத்தின் முடிவிலேயே வரும். அன்று காலை பிள்ளைகள் பெரியவர்களின் முன் தலை தாழ்த்தி மரியாதை செய்வார்கள். பெரியவர்கள் கையில் காசு கொடுத்து நல்வார்த்தை கூறுவார்கள். நம் வீடுகளின் பெருநாட் காசு நினைவுக்கு வருகின்றதல்லவா? அரிசிமாத் துண்டுகள் இட்ட சூப்பை உண்ட பின்னர், குடும்பமாகச் சுற்றி அமர்ந்து ஆடுவது ‘யுட்நோரி’. கொரிய அரசு 2022இல் இதனைத் தேசிய மரபுரிமைகளில் ஒன்றாக அறிவித்தது.

யுட் என்பவை நான்கு மரக்குச்சிகள். ஒரு சாண் அளவு நீளமுள்ள உருண்டைக் குச்சியை நெடுக்காகப் பிளந்தால் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் வளைவாகவும் இருக்கும் அல்லவா, அதுதான் யுட். நான்கையும் சேர்த்து மேலே எறிய வேண்டும். ஒரு குச்சி மட்டும் தட்டைப் பக்கம் மேலே தெரிய விழுந்தால் அதன் பெயர் ‘தோ’. ஓர் அடி நகரலாம். இரண்டு தட்டை என்றால் ‘கே’, இரண்டு அடி. மூன்று தட்டை ‘கொல்’, மூன்று அடி. நான்கும் தட்டையாக விழுந்தால் ‘யுட்’, நான்கு அடி. நான்கும் கவிழ்ந்து வளைந்த முதுகைக் காட்டினால் ‘மோ’, ஐந்து அடி. யுட்டோ மோவோ விழுந்தவருக்கு மீண்டும் ஒரு முறை எறியும் வாய்ப்பு உண்டு.

இப்பெயர்கள் விலங்குகளைக் குறிப்பவை என்பது வழக்கமான விளக்கம். தோ பன்றி, கே நாய், கொல் செம்மறி, யுட் எருது, மோ குதிரை. மெதுவாக நடப்பதில் தொடங்கி விரைந்து ஓடுவதில் முடிகின்றது வரிசை. பண்டைய புயோ அரசில் உயர் அதிகாரிகளின் பட்டப்பெயர்கள் குதிரை, எருது, பன்றி, நாய் என விலங்குகளின் பெயரால் அமைந்திருந்ததாகப் பழைய சீன வரலாற்று நூல் குறிப்பிடுகின்றது. அங்கிருந்தே யுட்டின் பெயர்கள் வந்தன என்று கூறுவோர் உண்டு. ஆனால் செம்மறி மட்டும் அப்பட்டியலில் இல்லை. ஆகவே அவ்விளக்கத்தை முழுமையாக ஏற்பது கடினம்.

பலகையை வரைவது எளிது. ஒரு பிரிஸ்டல் அட்டையில் சதுரம் வரைந்து, நான்கு மூலைகளிலும் பெரிய புள்ளிகள் இடுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் மூலைகளுக்கு இடையில் நான்கு சிறிய புள்ளிகள். இப்போது சுற்றிலும் 20 புள்ளிகள் இருக்கும். மூலைக்கு மூலை இரு கோடுகள் இழுத்து, அவை வெட்டும் நடுவில் ஒரு பெரிய புள்ளியும், நடுவுக்கும் ஒவ்வொரு மூலைக்கும் இடையில் இரண்டு சிறிய புள்ளிகளும் வையுங்கள். மொத்தம் 29. நடுப்புள்ளி துருவ நட்சத்திரம், சூழவுள்ள 28உம் சந்திரன் தங்கிச் செல்லும் நட்சத்திரக் கூட்டங்கள் என்று பழைய கொரிய அறிஞர்கள் பொருள் கூறினர். சந்திரனுக்கு 28 தங்குமிடங்கள் உண்டென அரபு வானியலாளர்களும் கணக்கிட்டு அவற்றை ‘மனாஸில்’ என அழைத்தனர் என்பதை இங்கு நினைத்துப் பார்க்கலாம்.

இரண்டு அணிகள், ஒவ்வோர் அணிக்கும் நான்கு காய்கள். போத்தல் மூடிகள் இரு நிறங்களில் கிடைத்தால் போதும். காயின் பெயர் ‘மல்’. கொரிய மொழியில் குதிரைக்கும் மல் என்றுதான் பெயர். வலது பக்கக் கீழ் மூலையில் புறப்பட்டு, கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராகச் சென்று, புறப்பட்ட இடத்தைக் கடந்து வெளியேற வேண்டும். நான்கு மல்களையும் முதலில் வெளியேற்றிய அணி வெல்லும். சுற்றிச் சென்றால் 20 அடி. ஆனால் முதலாவது மூலையில் சரியாக வந்து நின்றால் குறுக்குக் கோட்டில் திரும்பலாம். நடுப்புள்ளியிலும் சரியாக நின்றால் அங்கிருந்து நேரே வீட்டுக்குத் திரும்பலாம். அப்படியானால் 11 அடிதான். எனவே பெரிய எண் விழுவது எப்போதும் நல்லதல்ல. மூலைக்கு ஓர் அடி முன்னால் நிற்பவருக்குக் குதிரையால் பயனில்லை, பன்றிதான் வேண்டும்.

எதிரணியின் மல் நிற்கும் புள்ளியில் உமது மல் வந்து நின்றால், அது பிடிபட்டுத் தொடக்கத்துக்கே திரும்ப வேண்டும். உமக்கு மேலும் ஓர் எறிதல் கிடைக்கும். சொந்த அணியின் மல் நிற்கும் இடத்துக்கு வந்தால் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒன்றாகவே நகர்த்தலாம். இதற்குக் கொரியர்கள் சொல்லும் சொல், தாய் தன் குழந்தையை முதுகில் சுமப்பதற்குச் சொல்லும் அதே சொல். குழந்தையைத் துணியால் முதுகோடு கட்டிக்கொண்டு வேலை செய்வது அங்கு பழைய வழக்கம். சுமந்து சென்றால் இருவரும் விரைவில் வீடு சேரலாம். வழியில் பிடிபட்டால் இருவருமே முதலிலிருந்து தொடங்க வேண்டும். சுமப்பதா, தனியே அனுப்புவதா? ஒவ்வொரு முறையும் அணிக்குள் இந்த வாக்குவாதம் எழும். விளையாட்டின் உயிர் இங்கேதான் இருக்கின்றது.

கொரிய மொழியில் வயதுக்கேற்ப வினைச்சொல்லின் முடிவே மாறும். மூத்தவரிடம் பேசும் முறை வேறு, இளையவரிடம் பேசும் முறை வேறு. காலையில் பாட்டனாரின் முன் தலை தாழ்த்திய பேரப்பிள்ளை, மதியம் அவருடைய மல்லைப் பிடித்துத் தொடக்கத்துக்கு அனுப்பிவிட்டுத் துள்ளிக் குதிப்பாள். யாரும் கோபிப்பதில்லை. அன்றைய தினம் அந்த வீட்டில் இரண்டுக்கும் இடமுண்டு.

கணிதம் கற்கும் மாணவிகளுக்கு ஒரு வேலை. ஒவ்வொரு குச்சியும் இரு பக்கமும் சமமாக விழும் என்று கொண்டால் மொத்தம் 16 வகைகளில் விழலாம். அவற்றில் தோ 4, கே 6, கொல் 4, யுட் 1, மோ 1. ஆனால் ஒரு பக்கம் வளைந்த குச்சி நாணயத்தைப் போலச் சமமாக விழாது. 100 முறை எறிந்து குறித்துக்கொண்டு இக்கணக்குடன் ஒப்பிட்டுப் பாருங்கள். நிகழ்தகவுப் பாடம் எளிதில் விளங்கும். ஐஸ்கிரீம் குச்சியில் ஒரு பக்கம் வண்ணம் தீட்டியும் ஆடலாம். அது ஏறக்குறையச் சமமாக விழும்.

பெற்றோர் அறிய வேண்டிய ஒன்றும் உண்டு. பணம் வைத்து யுட் ஆடுவதும், குச்சிகளை எறிந்து வரும் ஆண்டின் பலன் பார்ப்பதும் கொரியாவில் இருந்த வழக்கங்கள். அவை இரண்டும் நமக்கு ஆகாதவை. விளையாட்டுக்குத் தேவையும் இல்லாதவை.

கொரியப் பெண்களுக்கென்றே இருந்த விளையாட்டுகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வைக்கோல் சுருளொன்றின் மேல் நீளமான பலகையை வைத்து, இரு முனைகளிலும் இருவர் நின்றவாறே மாறி மாறித் துள்ளுவது ‘நொல்துயிகி’. ஒருவர் வந்து மிதிக்க மற்றவர் உயரே எழும்புவார். வீட்டு மதிலுக்கு வெளியே செல்ல முடியாதிருந்த பெண்கள், மேலே எழும் அந்தக் கணத்தில் வெளியுலகை எட்டிப் பார்த்தார்கள் என்று கதை சொல்வார்கள். கதை உண்மையோ இல்லையோ, அதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கின்றார்கள். பழக்கமில்லாதவர்கள் இதனை முயல வேண்டாம், கணுக்கால் பிசகிவிடும்.

தென்மேற்குக் கரையோரக் கிராமங்களில் அறுவடைக் காலத்து முழுநிலவு இரவில் பெண்கள் கைகோத்து வட்டமாகச் சுற்றி ஆடுவது ‘கங்காங்சுல்லே’. யுனெஸ்கோ 2009இல் இதனை மானிடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. 1592இல் தொடங்கிய யப்பானியப் படையெடுப்பின்போது, தளபதி யி சுன்-சின் பெண்களை மலைமீது வட்டமாகச் சுற்றவைத்துப் பெரும் படை இருப்பதாக எதிரியை நம்பச் செய்தார் என்று வழிவழியாகக் கூறப்படுகின்றது. எனக்கு அதைவிடச் சுவையாகத் தோன்றுவது, வட்டத்தின் நடுவே வரும் சிறு விளையாட்டுகள்தான். ஒன்றில் வரிசையாக நின்ற பெண்கள் பாயைப் போலச் சுருண்டு, பின் விரிகின்றனர். தானியம் காயப்போட்ட பாயை மழைக்கு முன் சுருட்டும் வேலை அது. இன்னொன்றில் மீன்களைக் கயிற்றில் கோப்பது போல ஒருவர் கையின் கீழாக ஒருவர் நுழைகின்றனர். பகலெல்லாம் செய்த வேலையே இரவில் விளையாட்டாகின்றது. இளம்பெண்கள் உரத்துப் பாடவோ இரவில் வெளியே வரவோ பெரிதும் அனுமதிக்கப்படாத அக்காலத்துச் சமூகத்தில், அந்த இரவுக்குத் தனி மதிப்பு இருந்தது.

கடைசியாக, நமக்குக் கற்றுத்தரவே தேவையில்லாத ஒன்று. ஐந்து சிறு கற்கள். ஒன்றை மேலே எறிந்து அது விழுவதற்குள் தரையில் உள்ளதை அள்ளி, விழுவதையும் பிடிக்க வேண்டும். முதலில் ஒவ்வொன்றாக, பின்னர் இரண்டிரண்டாக, அதன்பின் மூன்றும் ஒன்றும், பிறகு நான்கும் ஒன்றாக. நாம் கொக்கான் வெட்டுதல் என்கின்றோம், கொரியாவில் ‘கொங்கி’. இப்போது அங்கே கடைகளில் வண்ண வண்ண பிளாஸ்டிக் கற்கள் விற்பனையாகின்றன. குலுக்கினால் உள்ளே இருக்கும் இரும்புத் துணுக்குகள் ஒலிக்கும்.

ஐந்தாவது கட்டத்தில்தான் புள்ளி கிடைக்கும். ஐந்து கற்களையும் எறிந்து புறங்கையில் ஏந்தி, அங்கிருந்து மீண்டும் எறிந்து, விழுவதற்குள் மேலிருந்து பறித்துப் பிடிக்க வேண்டும். எத்தனை பிடித்தீர்களோ அத்தனை புள்ளி. அந்தப் புள்ளிகளைக் கொரியப் பிள்ளைகள் ‘வயது’ என்று அழைக்கின்றார்கள். புத்தாண்டன்று நாட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரு வயது கூடும் என்பது கொரியாவின் பழைய கணக்கு. பிறந்தநாளைக் கொண்டே வயதைக் கணிக்க வேண்டும் என்ற சட்டம் 2023 ஜூனில்தான் நடைமுறைக்கு வந்தது. கொங்கியில் மட்டும் ஒரே எறியில் ஐந்து வயது கூடிவிடலாம். எத்தனை வயதில் ஆட்டம் முடியும் என்பதை முதலிலேயே பேசிக்கொள்வார்கள். முப்பது என்று வைத்துக்கொண்டு உம்மும்மாவையும் கூப்பிட்டுப் பாருங்கள். சிறுவயதில் கொக்கான் வெட்டியவராக இருந்தால் அவர் இருபதைத் தாண்டிய பிறகுதான் உங்களுக்கு முறை வரும்.