பிளேடு உடையலாம், உறை உடையக் கூடாது

ஆந்திரத்தின் சத்தியவேட்டுக்கு வடக்கே நேலப்பட்டில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன; கிழக்கே பழவேற்காடு ஏரிக்குப் பனிக்காலத்தில் பூநாரைகள் வந்து சேர்கின்றன. வடமேற்கில் ரேணிகுண்டா விமான நிலையம், தெற்கில் மீனம்பாக்கம். நேர்கோட்டில் அளந்தால் இரண்டுமே ஏறக்குறைய 50 கிலோமீட்டர். பறவைகளுக்கும் விமானங்களுக்கும் நடுவே இருக்கும் இந்த ஊரில் யாருக்கும் தோன்றக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: பறவை மோதினாலும் கெடாத எஞ்சினைச் செய்ய முடியாதா? முடியாது. பொறியாளர்கள் அதற்கு முயல்வதும் இல்லை. எஞ்சின் எப்படிச் செத்தால் விமானம் பிழைக்கும் என்பதே அவர்கள் போடும் கணக்கு.

ஏர்பஸ் ஏ320 விமானங்களில் பல்லாண்டுகளாக ஓடிவரும் சிஎஃப்எம்56-5பி எஞ்சினின் முகப்பு விசிறியில் 36 பிளேடுகள். நிமிடத்துக்குச் சுமார் 5,000 சுற்று என்றால், ஓர் இடத்தை நொடிக்கு 3,000 பிளேடுகள் கடக்கின்றன. தரையை விட்டு எழும் விமானம் அதே நொடியில் ஏறக்குறைய 75 மீட்டர் முன்னேறுகிறது. வகுத்துப் பார்த்தால், உள்ளே புகும் பறவை இரண்டரை சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கப்படுகிறது. பிளேடு நுனியின் வேகம் நொடிக்கு 450 மீட்டர், ஒலியைவிட அதிகம். அந்த வேகத்தில் சதையும் எலும்பும் தண்ணீரைப் போலப் பரவி அறைகின்றன. ஆய்வகங்களில் பறவைக்குப் பதிலாக ஜெலட்டின் உருளையைச் சுட்டுச் சோதிக்க முடிவது இதனால்தான். புதிய லீப்-1ஏ எஞ்சினில் 18 பிளேடுகள் மட்டுமே. சுற்றும் நிமிடத்துக்கு 4,000க்குக் குறைவு. பிளேடு குறைந்தால் எடை குறையும், எரிபொருள் மிச்சமாகும். ஆனால் துண்டு ஆறு சென்டிமீட்டருக்கு மேல் தடிக்கிறது. ஒவ்வொரு பிளேடும் இரண்டு மடங்குக்கும் கூடுதலான சதையைத் தாங்கியாக வேண்டும்.

அப்படியானால் பிளேடைத் தடிமனாகச் செய்துவிடலாமே? சுழற்சி அதற்கு இடம் தராது. மையத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி இருக்கும் ஒரு கிலோ எடை, நிமிடத்துக்கு 5,000 சுற்றில் 14 டன் விசையோடு வெளியே இழுக்கும். பிளேடில் எடையைக் கூட்டினால் அதைப் பிடித்திருக்கும் சக்கரமும் சுற்றியுள்ள உறையும் சேர்ந்தே பருக்க வேண்டும். எடையைக் குறைக்க ஆர்பி211 எஞ்சினுக்குக் கார்பன் இழைப் பிளேடு செய்து பார்த்தது ரோல்ஸ் ராய்ஸ். பறவைச் சோதனையில் அது தேறவில்லை. டைட்டானியத்துக்கு மாற வேண்டியதாயிற்று. அந்த எஞ்சினுக்கான செலவு கைமீறி, 1971 பிப்ரவரியில் நிறுவனமே திவாலானது. அடுக்கடுக்காக ஒட்டிய இழை அடிபட்டால் அடுக்குப் பிரியும். லீப் பிளேடு அதை நெசவால் சமாளிக்கிறது. நகரி, புத்தூர் விசைத்தறிகளில் பாவு, ஊடை என்று நூல் இரண்டு திசையில் ஓடும். லீப் நெசவில் தடிமன் வழியாகவும் இழை ஊடுருவி அடுக்குகளைத் தைத்துவிடுகிறது. பிறகு பிசினை ஏற்றி இறுக்கி, முன்விளிம்பில் டைட்டானியப் பட்டை பொருத்துகிறார்கள். பறவையும் ஓடுபாதைக் கல்லும் முதலில் மோதுவது அந்த விளிம்பில்தான். கல் பட்ட சிறு வடுவும் நாளடைவில் விரிசலாக வளரும் என்பதால், உலோகப் பிளேடுகளில் அளவுக்குட்பட்ட வடுவை அரத்தால் ராவி வழவழப்பாக்கிவிடுவது பராமரிப்பில் அன்றாட வேலை.

இத்தனை செய்தபிறகும் தரச்சான்று விதிகள் கேட்பது அடக்கமாகத்தான் இருக்கிறது. நடுத்தரப் பறவைகள் கூட்டமாகப் புகுந்தால் முக்கால் பங்கு உந்துவிசையாவது மிஞ்ச வேண்டும். ஒற்றைப் பெரிய பறவை என்றால், எஞ்சின் வாயின் பரப்பைப் பொறுத்து 1.85 முதல் 3.65 கிலோ வரை எடையில் சோதனை. அதற்குப் பின் எஞ்சின் ஓடியாக வேண்டும் என்பதில்லை. ஆபத்தான தீயில்லாமல், துண்டுகள் உறையைக் கிழித்து வெளியே பாயாமல் நின்றால் போதும். இன்னொரு சோதனையில் முழு வேகத்தில் சுற்றும்போது ஒரு பிளேடை வெடிவைத்தே பிய்த்தெறிகிறார்கள். உறை அதைத் தாங்க வேண்டும். நேலப்பட்டுக் கூழைக்கடாவோ நான்கு முதல் ஆறு கிலோ. சோதனையின் உச்ச எடையைத் தாண்டிய பறவை எப்போதும் இருக்கத்தான் செய்யும் என்பதால், மானத்தோடு சாகத் தெரிந்த எஞ்சின்தான் நல்ல எஞ்சின். 2022 ஜூன் 19 அன்று பாட்னாவில் புறப்பட்ட ஸ்பைஸ்ஜெட் விமானத்தின் இடது எஞ்சினில் பறவை மோதித் தீ தெரிந்தது. விசிறி பிளேடுகள் சேதமடைந்தன. விமானிகள் அந்த எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பி இறங்கினார்கள். 185 பயணிகளும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

எஞ்சினின் வாயில் கம்பிவலை போட்டால் என்ன என்று கேட்பார் உண்டு. பறவையைத் தாங்கும் அளவுக்குத் தடித்த வலை காற்றோட்டத்தைக் குலைக்கும், பனி பிடிக்கும். அறுந்தால் அதுவே பறவையைவிட மோசமான இரும்புத் தீனி. இதைவிட வலுவான ஆட்சேபம் வேறு: இரண்டு எஞ்சினும் ஒருசேரச் செத்தால்? 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் கனடா வாத்துக் கூட்டம் அதைத்தான் செய்தது. ஹட்சன் ஆற்றில் இறங்கியதால் 155 பேரும் பிழைத்தார்கள். 2024 டிசம்பர் 29 அன்று தென்கொரியாவின் முவானில் 179 பேர் இறந்த விபத்தில், சுமார் அரைக் கிலோவே எடையுள்ள வாத்தினத்தின் எச்சங்கள் இரு எஞ்சின்களிலும் கிடைத்தன. விமானம் ஓடுபாதையைத் தாண்டிக் கான்கிரீட் மேட்டில் மோதியதும் அந்தச் சாவுகளுக்குக் காரணம். என்றாலும், கூட்டம் மொத்தமாக உள்ளே புகுந்தால் பிளேடின் நெசவை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதை இந்த இரண்டு நாள்களும் காட்டுகின்றன.

எனவே பிளேடு விட்ட இடத்தில் தரை தொடங்குகிறது. அதற்காக ஏரிகள்மேல் பழி போடுவது தவறு. இரையும் மரமும் இருக்கும்வரை கூழைக்கடாவுக்கு ஓடுபாதையில் வேலை இல்லை. இந்திய விமான நிலையங்களில் பெருந்தொல்லை பருந்துகள். அவற்றை அழைப்பவை இறைச்சிக் கழிவும் குப்பைமேடும். விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் விலங்குகளை வெட்டவும் கழிவு கொட்டவும் 1937ஆம் ஆண்டு விமான விதிகளின் 91ஆவது விதி தடை விதித்தது இதனால்தான். பிளேடைச் சோதிக்காமல் எந்த எஞ்சினும் பறக்க அனுமதி பெறுவதில்லை. அந்த வட்டத்துக்குள் இருக்கும் கோழிக்கடையின் கழிவுக் கூடை இரவில் எங்கே கவிழ்கிறது என்பதையும் அதே கறாரோடு பார்க்கும்போதுதான் பிளேடுக்குப் பட்ட பாடு முழுமை பெறும்.